அத்தை எந்த வீடு?

அக்கா,

இன்று காலை தாம்பரத்தில் மேமோகிராம் எடுக்கப் போயிருந்தேன். படம் எடுக்கும் பெண் என்னைப் பார்த்ததுமே, "பவுடர் போட்டுகினு வந்துட்டீங்களாக்கா? அக்குள்ல நல்லா தொடச்சிட்டு வாங்க, படத்துல புள்ளி புள்ளியா வுழும்" என்றாள். ஈரத் துணியால் துடைத்தபோது சந்தன பவுடர் வாசனை குப்பென்று ஏறியது. வேறு யார், நீதான். பல்லாவரத்தில் ரயில் ஏறுமுன் கழுத்தெல்லாம் வெள்ளையடித்துக்கொண்டு வந்து நிற்பாயே! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அத்தைக்கும் அதே பவுடர்தான். அப்பாவின் ஒரே தங்கை, பம்மலில் வாழ்க்கைப்பட்டவள். பள்ளி விடுமுறை முழுக்க நீ அங்கேதான் கிடப்பாய். நடை, மூக்கு, மூக்குமேல் வரும் கோபம் என்று அவளை அப்படியே உரித்து வைத்திருந்தாய். "அசல் அத்தை ஜாடை" என்று வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் சொன்னார்கள். மார்பில் வந்த கட்டியை யாரிடமும் காட்டாமல் முற்றவிட்டு அவள் செத்துப்போனபோது, நீ சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாய்.

அப்புறம் உனக்குக் கல்யாணமாகி, மகள் பள்ளிக்கூடம் போகும் வயதில், உடம்பை ஒருமுறை முழுசாகப் பரிசோதிக்கப் போனாய். வீட்டில் யாருக்காவது மார்புப் புற்றுநோய் இருந்ததா என்று டாக்டர் கேட்டாராம். "அதெல்லாம் எங்க வீட்ல யாருக்கும் கிடையாது" என்றாயாம். அப்படியென்றால் நாற்பதுக்கு மேல் பார்க்கலாம் என்றாராம் அவர். வெளியே வந்து பெருமையாகச் சொன்னாய்.

"அத்தைக்கு இருந்துதே?" என்று கேட்டேன்.

"போடி, அவங்க அந்த வீட்டு மனுஷி. கல்யாணம் ஆகிப் போனவங்கள நம்ம வீட்டுல எப்படி சேர்க்கறது? அதுவும் இதெல்லாம் அம்மா வழிதான் பார்ப்பாங்க" என்றாய். கூட வந்திருந்த அம்மாவும் ஆமாம் போட்டாள்.

நீ பொய் சொல்லவில்லை அக்கா. அதுதான் எனக்கு ஆறவேயில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டால் அவள் ரத்தமும் அந்த வீட்டுக்கே போய்விடும் என்று குடும்பமே நம்பிக்கொண்டிருந்தோம். மூக்கு மட்டும் நம்முடையதாம்! அப்பா வழியும் சேர்த்திதான் என்று இன்னொரு டாக்டர் சொன்னபோது உனக்குக் கீமோ ஆரம்பித்திருந்தது. மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, "அத்தைய சொல்லியிருக்கலாம்ல?" என்றாய். முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாயா, தெரியாது. முன்பே பார்க்கவாவது பார்த்திருப்பார்கள். நீ நாற்பதைப் பார்க்காமலே போய்விட்டாய்.

உன் மகள் சிறுசேரியில் வேலை பார்க்கிறாள். தையில் கல்யாணம். "இனிமே நீ அந்த வீட்டுப் பொண்ணு" என்று பெரியவர்கள் இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள். இன்று எனக்குத் துணையாக வந்திருந்தாள். டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். "எங்க அத்தைக்கு இருந்துது" என்றேன். அடுத்து உன்னைச் சொல்ல வேண்டும்; பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தேன்.

உன் மகள்தான் முடித்தாள். "அப்புறம் எங்க அம்மாவுக்கு, டாக்டர். எனக்கு எப்போலேர்ந்து பார்க்கணும்?"

இனி யார் கேட்டாலும் அத்தையைத்தான் முதலில் சொல்வேன். நீ சேர்க்காமல் விட்டவளுக்குப் பக்கத்திலேயே உன்னையும் சேர்த்துச் சொல்லும்படி ஆகிவிட்டதே, அக்கா.