ஒரு கையாலை தூக்கின தாங்கி

இஞ்சரப்பா,

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வைச்சிருக்கு. கார்ச் சாவியைத் தேடாதேங்கோ, நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோறன்.

நேற்று உங்கடை தம்பிக்கு முன்னாலை "உனக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்" எண்டு கேட்டீங்கள். காரோடை வந்த புத்தகத்தை விடிய எழும்பி வாசிச்சன். பிறேக் இல்லாத ட்ரெயிலர் எண்டால், அதின்ரை பாரத்தோடை சேத்து நானூறு கிலோதான் இழுக்கலாமாம். நீங்கள் கோயில் தண்ணீர்ப்பந்தலுக்கு அப்பிடியொரு ட்ரெயிலரிலை நிரப்பி இழுக்கப்போறது ஐந்நூறு லீற்றர்த் தண்ணித் தாங்கி. வெறுந்தாங்கியை ஒரு கையாலை தூக்கிக் காட்டிப்போட்டு "உதொரு பாரமே" எண்டால், உள்ளை ஊத்திற தண்ணிக்குப் பாரமில்லையே? ஒரு லீற்றர் ஒரு கிலோ எண்டு என்ரை ஆறாம் வகுப்புப் பிள்ளையளே சொல்லுங்கள்!

கோயில் நேர்த்திக்கு ஒன்பது பேரை ஏத்தின கார்தானே எண்டு கதைக்கவேண்டாம். ஏத்திறது வேறை, இழுக்கிறது வேறை. நீங்கள் பிறேக் பிடிக்க, பின்னாலை வாறது நிக்குமே? பிறகு நான் ஆரைப் பிடிச்சு அழுறது?

சீவரத்தினம் அண்ணையின்ரை பவுசர் லொறி பத்து மணிக்குத் தண்ணியோடை கோயிலுக்கு வரும். தாங்கி அங்கை இருந்தால் நிரப்பித் தருவாராம்.

கலா

கோபத்திலை பட்டினி கிடவாதேங்கோ. குழம்புக்கு உங்களுக்காண்டித்தான் உறைப்புக் கூடப் போட்டனான்.

தாங்கி முற்றத்திலை கிடக்கு. நடந்தே கொண்டுபோங்கோ. தூக்க ஒரு கை காணும்தானே.