சம்பந்தி வீட்டு வாசல் விளக்கு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே நீயும் மருமகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் மாத்திரையை நான் கையில் கொடுத்தால்தான் விழுங்குவார். எனக்குத் தலை நிமிர நேரமில்லை, பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, தைக்கவேண்டிய யூனிஃபார்ம் மலையாகக் குவிந்து கிடக்கிறது. நிமிர்ந்தாலும் ஜன்னலில் தெரிவது எதிர்வீடு, உன் மாமனார் வீட்டு வாசல், அதுதான் என் வயிற்றெரிச்சல்.

மூடி மறைத்து என்ன ஆகப் போகிறது, பொறாமைதான். உங்கள் கம்பெனி செய்கிற வைஃபை சிப்பை, வாங்குகிறவர்கள் முதலில் பழகிப் பார்க்கட்டும் என்று தருகிறீர்களே சின்ன போர்டு, ஒரு வேளைச் சாப்பாட்டு விலைகூட ஆகாது என்று நீயே சொன்னாய், அதில் ஒன்றை அவருக்கு மட்டும் கொடுத்தனுப்பினாய். எனக்கு வந்தது கைப்பை. எலக்ட்ரீஷியன் அந்தப் போர்டை வாசல் விளக்கோடு மாட்டிவிட்டுப் போனதிலிருந்து உன் மாமனார் அலட்டல் தாங்கவில்லை. “மாப்பிள்ளை அங்கே காலையில கண்ணு முழிச்சதும் முதல் வேலையா ஃபோன்ல அமுக்குறார், இங்கே பொழுது சாயறப்ப என் விளக்கு எரியுது” என்று பால்காரரிலிருந்து கூரியர்காரர் வரை நிறுத்தி வைத்துச் சொல்கிறார். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்றவள் இங்கே ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாமல் திண்டாடுகிறேன், பிள்ளை அங்கே மாமனாருக்கு விளக்குப் போடுகிறான்!

ஆரம்பத்தில் ஒருநாள் வெயில் இருக்கும்போதே எரியும், ஒருநாள் நன்றாக இருட்டினபிறகு எரியும், ஞாயிற்றுக்கிழமை கேட்கவே வேண்டாம். துரை இன்னும் போர்வைக்குள் இருக்கிறான் என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். கொஞ்ச நாளாக அப்படியில்லை, ஞாயிறும் சேர்த்து நொடி பிசகாமல் எரிகிறது. நீயாவது, நேரத்துக்கு எழுந்திருப்பதாவது! உன்னை எழுப்பித் தொண்டை வற்றினவள் நான். நீ மீட்டிங்குக்காக விமானம் ஏறி, ஃபோனை அணைத்துவைக்கிறேன் என்று சொன்ன அன்றைக்கும் டாண் என்று எரிந்தது. நேரத்தைக் குறித்துப் போர்டுக்குள் வைத்துவிட்டு நீ உன் ஜோலியைப் பார்க்கப் போய்விட்டாய் என்று புரிந்துவிட்டது. அப்பாவிடம் சொன்னேன், எதிர்வீட்டு விளக்கைக் கணக்குப் பார்க்கிறாயே, உனக்கு வேற வேலையே இல்லையா என்று என்னைக் கேட்டார்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஒரே குஷி. தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு, அவர் மூக்கை உடைக்கவேண்டும் என்றே தெருவைக் கடந்து போனேன். மனுஷர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டருகே நின்றிருந்தார். விளக்கு எரிந்தது. அதைப் பார்த்துக் கையைத் தூக்கி, “நல்லா இருப்பா” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “ஞாயித்துக்கிழமைகூடத் தூக்கத்தை விட்டுட்டு எழுந்திருக்கார் பாருங்க சம்பந்தியம்மா, என் வீட்டுக்காரி போனப்புறம் இந்த வீட்டுல விளக்கேத்த யார் இருக்கா” என்றார். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, எங்க பிள்ளை சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், விடியறதுக்கு முன்னாடியே எழுந்துடுவான் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்குள் வந்தபிறகுதான் உன்மேல் கோபம் வந்தது.

காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, மருமகளைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போ. இரண்டு பேரும் மனசு கோணாமல், சிரித்த முகமாக நெடுநாள் வாழவேண்டும். மறந்துவிடாதே, அவர் விளக்கை இருக்கிறபடியே விட்டுவிடு, மாற்றிக் கீற்றி வைக்காதே. எனக்கும் ஒரு போர்டு அனுப்பு, தையல் மெஷினுக்கு மேலே இருக்கிற விளக்குக்கு. ஆனால் அதில் நேரம் குறிக்காதே. என் ஞாபகம் வரும்போது நீயே அமுக்கு. வராத அன்றைக்கு இருட்டாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா