சுகர் என்று சொல்லிவிட்டேன்

பெங்களூரு

அன்புள்ள அப்பாவுக்கு,

பிளசியின் முத்தங்கள். முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் உங்களுக்குக் கேட்கும். பொம்மிடியில் நம் தெருவுக்கே கேட்கும். அதனால்தான் கடிதம்.

நீங்கள் கூட்டிப்போன டாக்டர் மனச்சோர்வுக்குக் கொடுத்த மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறேன். ஹாஸ்டலில் அது என்ன மாத்திரை என்று கேட்டார்கள். பைத்தியம் என்பார்களோ என்று பயந்து, சுகர் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அறையில் கூட இருக்கும் கோகிலவாணி என் டீயில் சர்க்கரையே போடுவதில்லை! நேற்று பொறுக்க முடியாமல் உண்மையைச் சொன்னேன். "இதுக்காடி ரெண்டு மாசமா இந்த டீயக் குடிச்ச?" என்று திட்டிக்கொண்டே மூன்று ஸ்பூன் போட்டாள்.

இன்று காலை அத்தை போனில், "உனக்குச் சுகராமே, அண்ணன் சொல்லுச்சு" என்று அழுதது. அப்பா, நாம் இருவரும் பேசிவைத்தது போல ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறோம்.

அம்மாவின் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள், போர்த்திக்கொள்ள. கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. ஒன்று மட்டும். கிறிஸ்துமஸுக்கு நான் வரும்போது அத்தை எதிரிலேயே என் தட்டில் அதிரசம் வையுங்கள். "சுகர்காரிக்கு எதுக்குண்ணா?" என்று கேட்கும். அப்போது நீங்களே சொல்லிவிடுங்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் பிளசி