பெரிய பிடிலின் ஆத்துமா

மாதா துணை

தருமபுரி தாலுகா, சேலம் ஜில்லா
28-11-1946, வியாழக்கிழமை

அன்புள்ள மகன் சவுரியப்பனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை பாக்கியமேரியும் அவள் பெற்ற பதினெட்டு நாள் பெண் குழந்தையும் சர்வேசுரன் கிருபையால் சுகம். நீயும் பம்பாயில் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கிச் சுகமாக இருக்கவேண்டும் என்று ஜெபமாலையில் தினமும் ஒரு மணியை உனக்கென்று தனியாக உருட்டுகிறேன். உன் பெரிய பிடில் செவ்வாய்க்கிழமை மொரப்பூரில் ரயில் ஏறிவிட்டது. பெட்டி வந்து சேரப் பத்து நாளாவது ஆகும், காகிதம் அதற்கு முன்னே போய்விடும் என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லியிருக்கிறார். அந்த நம்பிக்கையில்தான் அவசரமாக இதை எழுதுகிறேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே என் கையெழுத்தில் மடித்த காகிதம் ஒன்று இருக்கும். இதை முழுக்கப் படிக்காமல் அதைத் தொடாதே. தொட்டால் உன் மனசு உடைந்துபோகும், அப்புறம் நான் இங்கே இருந்துகொண்டு என்ன செய்வேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டு மாதம் நீ ஓட்டல் பாண்டில் வாசிக்கப் பம்பாய்க்குப் புறப்பட்டபோது, ஓட்டல்காரர்களே வாத்தியம் தருவார்கள் என்று பிடிலை இங்கே விட்டுப் போனாய். பெங்களூரிலிருந்து பஸ் மேலே கட்டிக்கொண்டு வந்தாயே, கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கேட்டானே, அன்றிலிருந்து அது ராகிக் குதிருக்குப் பக்கத்தில் சுவரோரம் ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டு எங்களோடு ஒரு ஆளாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் உன் காகிதம் வந்தது, ஈரக்காற்றில் மரம் ஊதும், நரம்புகளைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள் என்று. கொஞ்சம் என்றுதான் நீ எழுதியிருந்தாய். எனக்கு எப்போது கொஞ்சம் தெரிந்தது, சோறு போட்டாலும் அப்படித்தான் என்று நீயே சொல்லுவாய். பாவம், இத்தனை மாதமாக இழுத்துக் கட்டினபடியே நிற்கிறதே என்று நாலு நரம்பையும் துவளத் துவள அவிழ்த்துவிட்டேன். நரம்பைத் தூக்கிப் பிடிக்கிற அந்த மரத்துண்டு, குதிரை என்று சொல்லுவாயே, அது சாய்ந்து என் காலில் விழுந்தது. அதோடு உள்ளேயும் ஏதோ ஒன்று டொக்கென்று விழுந்தது. அப்புறம் பிடிலை அசைத்தாலே வயிற்றுக்குள் கடகடவென்று உருண்டது. அதே வாரத்தில் உன் அடுத்த காகிதமும் வந்து சேர்ந்தது, இனிமேல் அவரவர் வாத்தியத்தை அவரவரே கொண்டுவரவேண்டுமாம், டிசம்பர் பதினைந்துக்குள் பிடில் வராவிட்டால் அந்த இடத்தைக் கோவாக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம் என்று. நான் உடைத்ததை உனக்கு எழுதப் பயந்துகொண்டு பிடில் சுகம் என்று ஒரு கார்டு போட்டேனே, அது பொய். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், உன்னிடமும் சொல்லிவிட்டேன்.

நம் பங்குச் சுவாமியாருக்குப் பிடில் விஷயம் தெரியும், பிரெஞ்சு தேசத்தில் அவருடைய அண்ணன் அதைப் பழுது பார்க்கிறவராம். அப்பா அதை வண்டியில் வைக்கோல் போட்டுப் படுக்க வைத்துக் கொண்டுபோனார். பாக்கியமேரிக்கு நிறைமாதம், அதனால் நான் போகவில்லை. போகிறவரிடம் நீ அனுப்பின ஓட்டல் படத்தையும் கொடுத்து, இதையும் சுவாமியாரிடம் காட்டி இது கிறிஸ்தவப் பையன் செய்கிற வேலைதானா என்று கேட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். என் மேல் கோபப்படாதே கண்ணு. அந்தப் படத்தில் நீங்கள் எட்டுப் பேர் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு பின்னால் நிற்கிறீர்கள், முன்னால் ஆடுகிற சீமாட்டிகளுக்கு முதுகில் துணியே இல்லை. அவர்களுக்குக் குளிராதா என்று நான் உனக்கு விளையாட்டாக எழுதினேன், ஆனால் மனசுக்குள் பயம்தான். குடிக்கிறவர்களும் ஆடுகிறவர்களுமாக இருக்கிற இடத்தில் தினமும் நடுராத்திரி வரைக்கும் நிற்கிற பிள்ளை என்ன ஆவானோ என்று ஆகஸ்டிலிருந்தே எனக்குள் ஒரு கல் கிடந்தது.

அப்பா மத்தியானம் திரும்பி வந்தார், மாட்டை அவிழ்த்தார், கூழ் குடித்தார். சோற்றுக்குத் தவிர வேறெதற்கும் சுலபத்தில் வாயைத் திறக்காத மனுஷர் என்று உனக்குத் தெரியும். சுவாமியார் என்ன சொன்னார் என்று நாலு தரம் கேட்டபிறகு, "ஆத்துமா விழுந்து போச்சாம். ஆளு வச்சு நிமுத்தணும்னு சொல்றாரு" என்று சொல்லிவிட்டு ராகிக் காட்டுக்குப் போய்விட்டார். படத்தைப் பார்த்ததுமே சுவாமியார் கண்டுகொண்டார், என் பிள்ளையின் ஆத்துமா விழுந்துவிட்டது என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பேன், நீயே சொல். அன்றைக்கே மாதாவுக்கு ஒன்பது நாள் நவநாள் பிடித்தேன், ஒருவேளைச் சோற்றோடு ஒருசந்தி இருந்தேன். மூன்றாம் நாள் உட்கார்ந்து உனக்கு ஒரு காகிதம் எழுதினேன். கன்னியர் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட அழகான கையெழுத்தெல்லாம் அன்றைக்குக் கோழி கிளறினது போல ஆகிவிட்டது. என்ன எழுதினேன் என்று மறைக்கமாட்டேன். இதைக் கண்டதும் அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வா, வராவிட்டால் எனக்கு மகன் இல்லை என்று எழுதினேன். ஒட்டி அப்பாவிடம் கொடுத்து, தருமபுரியில் போட்டுவிட்டு வாருங்கள் என்றேன். அவருக்குத்தான் எழுத்துத் தெரியாதே, ஒன்றும் கேட்காமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு போனார். நான் பிடிலுக்காகத்தான் ஒருசந்தி இருக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டாராம். ஒரு மரப்பெட்டிக்கு இவ்வளவு பாசமா என்று பாக்கியமேரியிடம் சொல்லி ஆச்சரியப்பட்டாராம்.

நவநாள் முடிந்த மறுநாள் காலையில் தச்சர் பச்சியப்பன் வளைத்த இரும்புக் கம்பி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். நம் கோவில் பெஞ்சுகளைச் செய்தவர்தான், உனக்கு ஞாபகம் இருக்கும். "ஏனுங்கம்மா, ஆத்துமா உள்ள எந்தப் பக்கம் கெடக்குதுன்னு பாக்கணும், வெளிய எடுங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம். எம் பையன் ஆத்துமாவப் பத்தி உங்களுக்கு யாரு சொன்னாங்க என்று கேட்டேன். அவர் திருதிருவென்று விழித்தார். "பையனுதுங்களா? பிடிலுதுன்னுதானுங்க சாமியாரு சொன்னாரு. கட்டை விரல் தண்டிக்கு ஒரு குச்சிங்க" என்றார். அப்புறம்தான் விளங்கியது. மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே ஒட்டும் இல்லாமல் ஆணியும் இல்லாமல் ஒரு குச்சி நிற்கிறதாம், நரம்புகள் குதிரையை அழுத்துகிற அழுத்தத்தில்தான் அது நிற்குமாம், நான் நாலையும் ஒரேயடியாக அவிழ்த்ததால் விழுந்துவிட்டதாம். சுவாமியாருடைய பாஷையில் அந்தக் குச்சிக்கும் ஆத்துமாவுக்கும் ஒரே பெயராம். அவர் அதை அப்படியே தமிழில் சொல்லியிருக்கிறார், அப்பா அதை அப்படியே கொண்டுவந்து என் தலையில் போட்டிருக்கிறார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை சவுரி. பச்சியப்பன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

சிரித்து முடிப்பதற்குள் காகிதம் ஞாபகம் வந்தது. அது போய் ஒரு வாரம் ஆகியிருக்குமே, பிள்ளை படித்திருப்பானே, வேலையை விட்டிருப்பானே என்று காட்டுக்கு ஓடினேன். அப்பா ராகி அறுத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கக் கேட்டேன். "போடல" என்றார். கதிரைக் கட்டி வைத்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னார். "தபாலாபீசு வரைக்கும் போனேன். நீ சோறு திங்காம எழுதுன காயிதம், அதுல நல்ல சேதி என்ன இருக்கப் போவுது. அவனத் தேத்துறதுக்கு அங்க யாரு இருக்காங்க. பொறவு போட்டுக்கலாம்னு வூட்டுக்கு வந்துட்டேன்." கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். படத்தைப் பார்த்துச் சுவாமியார் என்னதான் சொன்னார் என்று அப்போதுதான் கேட்டேன். இதில் நம் பையன் யார் என்று கேட்டாராம், இவர் காட்டினாராம், நன்றாக நிமிர்ந்து நிற்கிறான் என்று சொன்னாராம். இதை ஒரு பத்து நாளுக்கு முன்னால் சொல்லியிருந்தால் நான் பட்டினி கிடந்திருக்க வேண்டாம்.

ரெண்டாம் நாளே பாக்கியமேரிக்கு வலி எடுத்து, மாதா புண்ணியத்தில் சுகமாகப் பிரசவம் ஆயிற்று. நாலு நாள் கழித்துச் சுவாமியார் சைக்கிளில் வந்து குழந்தையை ஆசீர்வதித்துவிட்டுப் பிடிலிடம் போனார். மேல்பலகையை விரலால் தட்டித் தட்டிக் கேட்டார், நல்ல மரம், நல்ல பையன், சரியாகப் பார்த்து வாங்கியிருக்கிறான் என்றார். பெங்களூரை விட்டுச் சீமைக்குப் போன பாண்டு மாஸ்டர் சிங்கத்தலை வைத்துப் பளபளவென்று ஒன்றும் அடிபட்டுக் கீறல் விழுந்து இது ஒன்றுமாக ரெண்டு காட்டியபோது நீ இதை எடுத்தாயே, சிங்கத்தை விட்டுவிட்டு வந்தானே என்று அப்பா அப்போது முணுமுணுத்தாரே, இப்போது அவரும் ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். குச்சியைப் பசை போட்டு ஒட்டிவிடலாமா என்று பச்சியப்பன் கேட்டார், ஒட்டினால் குரல் செத்துப்போகும் என்று சுவாமியார் சொல்லிவிட்டார். பூப்போல வெட்டின ஓட்டை வழியாகக் கம்பியில் குத்தி உள்ளே விட்டு, பாக்கியமேரியின் முகம் பார்க்கிற கண்ணாடியைப் பிடித்துப் பார்த்து, மெல்லிய நரம்பு இருக்கிற பக்கம் குதிரைக் காலுக்கு ஒரு விரற்கடை பின்னால் நிறுத்தினார்கள். மூன்று தரம் விழுந்தது. நாலாம் தரம் நின்றது. அப்புறமும் ஒரு நெல் அளவு இப்படி, ஒரு நெல் அளவு அப்படி என்று தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். இடம் மாறினால் குரலும் மாறுகிறது. கடைசியில் சுவாமியார் பருமனான நரம்பை ஒருதரம் சுண்டினார், அடுக்கில் இருந்த பித்தளைச் சொம்பு தானாக முனகியது, அந்த அதிர்வு என் உள்ளங்காலில் ஏறி நெஞ்சுக்கு வந்தது. வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தை வாயை மூடிக்கொண்டது. எனக்குள் கிடந்த கல்லும் அப்போதுதான் இறங்கியது.

நரம்பு உயரமாக நிற்கிறது, விரலில் கொப்புளம் வருகிறது என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதற்காகக் குதிரையின் தலையை ஒரு அரிசி கனம் சீவச் சொன்னேன். பச்சியப்பன் சீவினார், பூட்டிப் பார்த்தார், இன்னும் ஒருதரம் சீவினார். மூன்றாம் தரம் கேட்டேன், சீவினதை ஒட்ட முடியாதுங்க என்று மறுத்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் என்பது தெரியாதது அவருக்கும் தெரிந்துவிட்டது. ஓட்டலில் தரை வழுக்குகிறது என்றாயே, அடியில் இருக்கிற இரும்புக் காலுக்கு லாரி டயர் ரப்பரை வெட்டித் தொப்பி போட்டிருக்கிறார். யுத்தத்தில் மிஞ்சின கூடாரத் துணி தருமபுரி சந்தையில் வந்தது, அதில் நான் உறை தைத்தேன், கழுத்துப் பக்கம் தையல் கோணலாக இருக்கும், பிள்ளை பெற்றவளுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டே தைத்தது. தருமபுரிக்கு வந்துகொண்டிருந்த சின்ன ரயிலின் தண்டவாளத்தைத்தான் யுத்தத்தில் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்களே, அதனால் மாமரப் பலகையில் பெட்டி அடித்து மொரப்பூர் வரைக்கும் மாட்டு வண்டியில் அப்பாவே நடத்திக்கொண்டு போனார். வண்டியில் உட்காரவில்லையாம், பெட்டியில் கை வைத்தபடி கூடவே நடந்தாராம்.

இப்போது அந்தக் காகிதத்துக்கு வருகிறேன். எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, அந்தச் சனியனை அடுப்பில் போட்டுவிடலாம் என்று நேற்று அப்பாவிடம் கேட்டேன். அதைப் பிடிலோடு வைத்து அனுப்பிவிட்டேன் என்கிறார். வழியில் குலுங்கி உரசாமல் இருக்க, நரம்பெல்லாம் போய்ச் சேர்கிற கறுப்புப் பலகைக்குக் கீழே சொருகுவதற்குக் கனமாக ஒரு காகிதம் வேண்டும் என்று பச்சியப்பன் கேட்டாராம், இவர் டிரங்குப் பெட்டியிலிருந்து இதை எடுத்து எட்டாக மடித்துக் கொடுத்துவிட்டார். வீட்டில் வேறு காகிதமே இல்லையா என்று கத்தினேன். அவர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். "பிடிலுதான் சரியாப் போச்சே, இனி அதுல என்ன சேதி இருந்தா என்ன. உங் கையெழுத்து ஒண்ணு கூடப் போவட்டுமேன்னுதான் வச்சேன். அவன் பாத்தா சந்தோசப்படுவான்ல" என்றார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு இன்னும் தெரியாது, நானும் சொல்லப்போவதில்லை.

ஆகையால் கண்ணு, அதைப் பிரிக்காமல் கிழித்துப் போடு. மனசு கேட்காமல் பிரித்தாய் என்றால் கடைசி வரியை அடித்துவிட்டு, எனக்கு ஒரு மகன் இருக்கிறான், நன்றாக நிமிர்ந்து நிற்கிறான் என்று உன் கையாலேயே எழுதிக்கொள், அதை நான் எழுதினதாகவே வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே. ராத்திரி வாசித்துவிட்டு வெறும் வயிற்றோடு படுக்காதே. மாதா உன்னை எப்போதும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் கைவிரல்களில் கொப்புளம் வராமல் இருக்கட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. பெட்டி வந்து சேர்ந்ததும், உள்ளே அம்மாவின் கையெழுத்தைப் பார்த்தேன், சந்தோஷமாக இருந்தது என்று அப்பாவுக்கு ஒரு வரி எழுது. அதை நான் அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டவேண்டும்.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற அம்மா
லூர்தம்மாள்