கோலமாவு வழக்கு

மாசி 4, திங்கள்

காற்று. கல் அரைக்கும் மில்லிலிருந்து புழுதி வந்து தட்டிச் சுவரெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. குழாயில் இரண்டு குடத்துக்கு மேல் கிடைக்கவில்லை.

முனுசாமி அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காரணம் கோலமாவு.

நடந்தது இது. காலையில் அம்மா உரலில் வெள்ளைக்கல் இடித்துக்கொண்டிருந்தாள். ஆர்க்காட்டுப் பக்கம் வீட்டுக்கு வீடு இடிப்பதுதான். மலையில் பொறுக்குவது, இடிப்பது, சலிப்பது, கோலம் போடுவது. யாரும் கேட்பதில்லை. இங்கே தங்கச் சுரங்கத்துக்கு வந்த பிறகும் அப்படியே செய்துவந்தோம். கம்பெனி லைன் வீடுகளுக்குப் புதிதாக வந்த வாச்சுமேன் உலக்கைச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தான். உரலில் மாவு, முறத்தில் கல். சுரங்கத்துத் தங்கக்கல்லைத் திருடி வந்து இடிக்கிறார்கள் என்று போலீசு டாணாக்காரரைக் கூட்டி வந்துவிட்டான். அண்ணன் அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். கல்லை யார் கொண்டுவந்தது என்று கேட்டார்கள். அம்மா வாய் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

"நாந்தான்."

கொண்டுவந்தது நான். நந்திதுர்க் ரோடு போடக் கொட்டியிருக்கும் குவியலிலிருந்து, முந்தானையில் கட்டி.

பக்கத்திலேயே நின்றிருந்தேன். பேச வரவில்லை.

கஞ்சி மீந்தது. யாரும் குடிக்கவில்லை.

மாசி 5, செவ்வாய்

வெயில். அம்மாவும் நானும் கோர்ட்டுக்கு. அண்ணனைப் பார்க்க விடவில்லை. வழக்கு நாளையோ மறுநாளோ என்றார்கள்.

புங்கமரத்தடியில் மனு எழுதும் சாமுவேல் ஐயா. சர்ச்சுக்காரர், அப்பா இருந்தபோது பழக்கம். இது எந்தக் கோர்ட்டு, பெரிய கோர்ட்டா என்று அம்மா கேட்டாள். அவர் சொன்னதை மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன்.

அடிதடி, குடி, சில்லறைத் திருட்டு, தங்கக்கல்: இங்கே, இந்த மாஜிஸ்திரேட்டுத் துரை. (இனி மா.து.)
சுரங்க எல்லைக்கு வெளியே, கிராமத்தில் நடந்தால்: பங்காருபேட்டை அமுல்தார் (தாலுகா அதிகாரி).
நிலம், வீடு, கடன்: இங்கே எடுக்கமாட்டார்கள். கோலார் முன்சீப்பு.
கொலை: மா.து. முதலில் விசாரிப்பார். தீர்ப்பு அவர் சொல்லமுடியாது, மேலே ஜட்ஜிடம் அனுப்பவேண்டும்.
வெள்ளைக்காரர் மேல் வழக்கு: அதற்கு வேறு முறை. எல்லா மாஜிஸ்திரேட்டும் அவர்களை விசாரிக்க முடியாதாம்.

இன்னொன்றும் சொன்னார். மற்றத் திருட்டில் திருடினான் என்று போலீசு காட்டவேண்டும். தங்கக்கல்லில் மட்டும் தலைகீழ். வைத்திருப்பவன்தான் எப்படி வந்தது என்று காட்டவேண்டும்.

பையன் ஒப்புக்கொண்டுவிட்டானே என்று அம்மா அழுதாள்.

"டாணாவுல சொன்னது செல்லாதும்மா. தொர முன்னால சொல்றதுதான் செல்லும். அங்கயும் நாந்தான்னு சொன்னான்னு வையி, அப்பறம் விசாரணையே இல்ல. நேரா ஜெயிலு."

பிறகு என்னைப் பார்த்தார். நான் புங்கங்காயைப் பார்த்தேன்.

மாசி 6, புதன்

நாள் முழுவதும் கோர்ட்டு வாசலில். எங்கள் வழக்கு கூப்பிடவில்லை. பார்த்தவை:

ஆடு திருடியவன். ஆடும் வந்திருந்தது. மனுக்கட்டு ஒன்றின் ஓரத்தைத் தின்றுவிட்டது. ஆட்டை முதலில் வெளியே அனுப்பினார்கள்.

குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவன் மா.து.வைக் கும்பிட்டபடியே நின்றான். பின்னால் அவன் பெண்சாதி, எங்களுக்குக் கேட்கும்படி: "நேத்து தொரையையே ஒதைப்பேன்னுச்சு. இப்ப பாரு, கை எறங்க மாட்டேங்குது."

பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர் இருவர். ஒருவன் தட்டியை மற்றவன் இடத்தில் தள்ளிப் போட்டுவிட்டானாம். அது இடத் தகராறு, கோலாருக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வழக்குக் கொண்டுவந்தவன் முனகினான்: "கோலாருக்கு நடந்து தீர்ப்பு வாங்கறதுக்குள்ள தட்டியே மக்கிப்பூடும்." இருவரும் ஒரே வண்டியில் ஏறித் திரும்பினார்கள்.

சாயங்காலம் அண்ணனை அந்த வழியாக நடத்திப் போனார்கள். டாணாக்காரர் நல்லவர், பீடி பற்றவைக்கிற சாக்கில் கொஞ்சம் நின்றார். அண்ணன் முகத்தில் இரண்டு நாள் தாடி. நான் உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்க நினைத்தேன். அவனே சொல்லிவிட்டான்.

"நான் ஒத்துக்கப் போறேன் பாப்பா. நீ கூண்டுல ஏறி அத்தன ஆம்பளைங்க முன்னால நிக்க வேணாம். உன்னால ஆவாது."

ஆகாதுதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்லக்கூட எனக்குப் பதில் பக்கத்துப் பெண் சொல்லுவாள். நான் நின்றுபோன விஷயம் வெகு நாள் வாத்தியாருக்குத் தெரியாது, அவள் விடாமல் ஆஜர் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

ரவிக்கையில் தையல் விட்டிருக்கிறது. நாளைக்குள் தைக்கவேண்டும்.

மாசி 7, வியாழன்

தைத்தேன். கோணல்.

முதல் வழக்கே எங்களுடையது. மா.து. மேசையில் எங்கள் முறத்துக் கல், மாவு ஒரு துணி மூட்டையில், சிவப்பு அரக்கு முத்திரையுடன். வாச்சுமேன் ஓரமாக நின்றான். பெண்கள் கடைசியில், சுவர் ஓரம்.

துரை இங்கிலீஷில் கேட்க, குமாஸ்தா தமிழில் அண்ணனிடம் கேட்டார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா. அண்ணன் தொண்டையைச் செருமினான்.

"நான் எடுத்தேன்."

சொன்னது நான்தான். எல்லாத் தலையும் திரும்பியது. டவாலி சேவகன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். சாமுவேல் ஐயா எழுந்து ஏதோ சொன்னார். என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். சத்தியம் வாங்கினார்கள். கூண்டுக் கட்டையில் யாரோ நகத்தால் கோடு கோடாகக் கீறி வைத்திருந்தார்கள், அதையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன்.

எங்கே எடுத்தாய். நந்திதுர்க் ரோட்டில். எதற்கு. கோலத்துக்கு. யார் சொல்லி. யாரும் சொல்லவில்லை. எல்லாக் கல்லையும் எடுப்பாயா. இல்லை, வெள்ளை மட்டும். ஏன்.

"நீலம் ஓடன கல்லு இடிச்சா மாவு அழுக்கா வரும். அம்மா திட்டும். அத ரோட்லயே போட்ருவேன்."

குமாஸ்தா இதை இங்கிலீஷில் சொன்னதும் சுரங்கத்துக் காப்டன் வாய்விட்டுச் சிரித்தார். சுரங்க மேற்பார்வைக்காரர், கல்லைப் பார்த்துச் சொல்லச் சாட்சிக்கு வந்திருந்தவர். முறத்திலிருந்து ஒரு கல்லை எடுத்து நாக்கால் நக்கி ஈரமாக்கி, ஜன்னல் வெயிலில் பிடித்துப் பார்த்தார். இன்னொன்று. இன்னொன்று. ஐந்தாறு கல் நக்கியிருப்பார். தங்கம் இருந்தால் நீலக்கல்லில்தான் இருக்கும், இந்தப் பெண் தேடித் தேடி வெறுங்கல்லைப் பொறுக்கியிருக்கிறாள், ரோடு போடக் கம்பெனியே கொட்டியதுதான் இது என்றார். கோர்ட்டே சிரித்தது. மா.து. சிரிக்கவில்லை, எழுதினார்.

அண்ணனை விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அண்ணன் என் கையிலிருந்த தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். ரவிக்கை கோணல் யார் கண்ணிலும் படவில்லை என்று நினைக்கிறேன்.

மாசி 9, சனி

மேகம். மழை இல்லை.

அண்ணன் ஷிப்டுக்குப் போய்த் திரும்பி வந்தான். வேலை டிக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டார்களாம். கல் வழக்கில் பேர் அடிபட்ட ஆளைக் கேஜில் ஏற்றிச் சுரங்கத்துக்குள் இறக்கமாட்டார்களாம். விட்டுவிட்டார்களே என்று சொன்னதற்கு, கோர்ட்டு வேறு, கம்பெனி வேறு என்று டைம் ஆபீசில் பதில்.

டிக்கெட் போனால் லைன் வீடும் போகும். மாசக் கடைசிக்குள் காலி.

அம்மா வேலையாக இருந்தாள். நானே தனியாகப் புங்கமரத்தடிக்குப் போனேன். நானே கேட்டேன். இது எந்தக் கோர்ட்டு? சாமுவேல் ஐயா பேனாவைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். மா.து. என்றார், இல்லை என்றார். அமுல்தார், இல்லை. முன்சீப்பு என்று இழுத்தார், அதையும் விட்டுவிட்டார்.

"அதுக்குக் கோர்ட்டு இல்லம்மா."

கூலி வாங்க மாட்டேன் என்றார். மனு எதுவும் எழுதவில்லையே, எதற்குக் கூலி.

மாசி 29, வெள்ளி

நல்ல வெயில். பங்காருபேட்டைக்குப் போகிறோம். அண்ணனுக்கு ரயில் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்க இடம். வண்டி வந்துவிட்டது. ஏற்றியவை: உரல், பெட்டி, பாய், இரண்டு குடம். விளக்கு மடியில்.

கோர்ட்டுச் சேவகன் முந்தாநாள் அந்தத் துணி மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான், அரக்கு முத்திரையோடு. அம்மா இன்று காலை அதை உடைத்தாள். காலி பண்ணுகிற வீட்டுக்கு எதற்கு என்று கேட்டேன்.

"நம்பளதுன்னு தொர சொன்ன மாவு. நம்ப வாசல்லதான் போடணும்."

போட்டாள். படியிலிருந்து தெரு வரை, ஒரு பிடி மிச்சம் வைக்காமல். வீட்டைக் கம்பெனிக்குத் திரும்ப எடுத்துக்கொள்ள அதே வாச்சுமேன் வந்தான். உள்ளே போகவேண்டும். கோலத்தை மிதிக்காமல் ஓரத்தில் வழி இருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. தெருவிலேயே நிற்கிறான், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

அண்ணன் கூப்பிடுகிறான்.