எக்கோ என்று ஒரு தவளை

மார்ச் 3

என் அருமைக் கிளிப்பிள்ளைக்கு,

அண்ணன் நலம். நீயும், தவளைக் குரல் பதிவு செய்யும் உன் மைக்கும் நலமா? நம் தவளை ஆய்விதழில் வந்துவிட்டது. புது இனம் என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்கு நான் வைத்த பெயர் எக்கோ. கிரேக்கக் கதையில் வரும் பெண். எதிரொலிக்கு ஆங்கிலத்தில் அவள் பெயர்தான். சின்ன வயதில் நான் சொன்னதையே சொல்லிக்கொண்டு பின்னால் வருவாயே, அந்த ஞாபகத்தில் வைத்தேன். கடைசிப் பக்கத்தில் உனக்கு நன்றியும் சொல்லியிருக்கிறேன். சந்தோஷம்தானே?

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 9

அண்ணாவுக்கு,

சந்தோஷமில்லை. வயிறு எரிகிறது.

அந்தக் குரல் முதலில் கேட்ட இரவு, மலையில் பாறையடியில் நீ சொன்னதை மறந்துவிட்டாயா? "அது வெறும் எதிரொலி, உன் காதுலதான் கோளாறு, நட போகலாம்." நீ போய்விட்டாய். நான் அட்டைக்கடியோடு மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மற்றத் தவளைகள் ஓய்ந்த பிறகும் அந்தக் குரல் தனியாகக் கேட்டது. எதிரொலி தனியாகக் கத்துமா? எதிரொலி இல்லை என்று கண்டுபிடித்தவள் நான். அதற்கே எதிரொலி என்று பெயர் வைத்திருக்கிறாய்.

கதையை முழுசாகப் படித்தாயா? எக்கோ சாபம் வாங்கியவள். சொந்தமாக ஒரு வார்த்தை பேச முடியாது; அடுத்தவர் பேச்சின் வாலைத்தான் திருப்பிச் சொல்லலாம். அவள் உருகிப் பின்னால் போன நார்சிசஸ், தண்ணீரில் தன் முகத்தையே பார்த்து மயங்கியவன். அவன் பெயரைப் பூவுக்கும் வைத்தார்கள், தன்மீதே மயங்கும் மனக்கோளாறுக்கும் வைத்தார்கள். பூவை விடு, உனக்கு இரண்டாவது கச்சிதமாகப் பொருந்தும். வானத்தைச் சுமந்த அட்லஸுக்குக்கூட தலையைத் தாங்கும் கழுத்தெலும்பின் பெயரில் இடம் கொடுத்தார்கள். மூன்று மழைக்காலம் மைக் சுமந்த எனக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி.

தவளையின் பெயரை மாற்று. கட்டுரையில் உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரைப் போடு. இல்லாவிட்டால் சேர்ந்து மலையேறுவது இனி கிடையாது.

தங்கை
(கிளிப்பிள்ளை என்று கூப்பிடாதே)

மார்ச் 20

தங்கச்சிக்கு,

அச்சில் ஏறிய பெயரை மாற்றக்கூடாது என்பது விதி. உன் பெயரைச் சேர்ப்பதும் இப்போது பெரிய பாடு, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். செல்லமாக வைத்ததற்குப் போய் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறாய். "ஆசையாத்தானே வச்சான், அதுக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்?" என்று அம்மாவும் கேட்கிறாள்.

ஜூனில் மலைக்குப் போகவேண்டும். அந்தக் கூச்சலில் எந்தக் குரல் எந்தத் தவளை என்று பிரித்துச் சொல்ல, நீ இல்லாமல் என்னால் முடியாது. நார்சிசஸ் அது இதென்று மனசு நோக இனிமேல் எழுதாதே. நான் உன் அண்ணன், கோபத்தை இத்தோடு விடு.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 27

அண்ணா,

என்னால் முடியாது.

இனிமேல் எழுதாதே.

இத்தோடு விடு.

எக்கோ