அண்ணன் குரல்

ஜூன் 2, திங்கள்
பகல் முழுக்கக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து, இணையத்தில் துப்பாக்கிச் சண்டை விளையாட உட்கார்ந்தேன். ஐந்து பேர் கொண்ட அணிக்கு நான்தான் தலைவன். ஆமாம், தலைவன். என் பெயர் அங்கே ‘இரும்பன்’. பேசுவதை ஆண் குரலாக்க ஒரு செயலி. போன வருஷம் வேறொரு அணியில் சொந்தக் குரலில் வாய் திறந்தேன். "போய்ப் பாத்திரம் தேய்டி" என்றார்கள். அவர்கள் சொன்னதிலேயே மரியாதையானது அதுதான். இங்கேயோ, "அண்ணே, எந்தப் பக்கம் போகட்டும்ணே?" என்று குழைகிறார்கள். தூ!

ஜூன் 5, வியாழன்
எங்களில் குறி தவறாதவன் ‘மின்மினி’. இன்று பேச்சுவாக்கில், தன் கூடக் குடியிருக்கும் பையனை "என் ஆளு" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான். "இனிமே என் பின்னாடி நிக்காதடா" என்றான் அணியிலிருக்கும் ‘கழுகு’. மற்ற இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. "நீங்க என்னண்ணே சொல்றீங்க?"

நான் — எழுதவே கை கூசுகிறது — "வளையல் வாங்கித் தரேன், போட்டுக்கிட்டு விளையாடட்டும்" என்றேன். அப்போது என் வலது கையில் மூன்று வளையல்.

ஜூன் 6
மின்மினி வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு
விலகிவிட்டான். அடுத்த சனிக்கிழமை போட்டி. "சனியன் தொலைஞ்சுது" என்கிறான் கழுகு. உடம்பெல்லாம் எரிகிறது. யார் மேல் கோபம்? அவனுங்க மேல மட்டுமா? ஏன்டி, உன்னை அடிச்ச கம்பையே எடுத்து அவனை அடிச்சியே! உன் முதுகு தப்பிச்சா போதுமா?

அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். போகவில்லை.

ஜூன் 9, திங்கள்
செயலியை அணைத்துவிட்டு மின்மினியை அழைத்தேன். "இரும்பன் பேசுறேன். நான் பொண்ணு. அன்னைக்கு நான் சொன்னது தப்பு."

"தெரியும்க்கா. முதல் வாரத்துலயே தெரியும்."

"எப்படி?"

"செயலி குரலைத்தானே மாத்தும்? நீங்க மவுஸை நகர்த்தும்போதெல்லாம் வளையல் சத்தம் கேக்கும். கழுகுகூட ஒருதடவை என்ன சத்தம்னு கேட்டான். என் சாவிக்கொத்துன்னு சொல்லிட்டேன்."

எட்டு மாதமாக என்னைக் காப்பாற்றியிருக்கிறான். அவனுக்குத்தான் நான் வளையல் வாங்கித் தருவதாகச் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்டேன். "இப்ப முடியலக்கா" என்று வைத்துவிட்டான். நியாயம்தானே.

ஜூன் 14, சனி
போட்டிக்கு முன் செயலியை அணைத்தேன். "உங்க தலைவர்தான் பேசுறேன். மின்மினிக்கு நாம செஞ்சது அசிங்கம். நானும்தான் செஞ்சேன். அவன்கிட்ட மன்னிப்புக் கேக்காதவங்களுக்கு இங்க இடமில்லை."

"ஏய், பொம்பளையா நீ? எங்க அண்ணன் எங்கடி?" என்றான் கழுகு. அதற்குப் பிறகு வந்ததை இந்தத் தாளில் எழுத மாட்டேன். எட்டு மாதம் நான் வழிகாட்டித்தான் ஜெயித்தார்கள். குரல் மாறியதும் அறிவும் போய்விட்டதாம்! மூவரையும் நீக்கினேன். போட்டி போச்சு. போகட்டும்.

ஜூன் 22, ஞாயிறு
போட்டியன்று நடந்த கதை மின்மினி காதுக்கும் எட்டியிருக்கிறது. ஒரு வரி அனுப்பியிருந்தான்: ‘ஆள் வேணுமா?’ "வா" என்றேன், என் குரலில். இரண்டே பேர். படுதோல்வி.

நடுவில் ஒருமுறை சொன்னான்: "அக்கா, என் சாவிக்கொத்துச் சத்தம் இன்னைக்கு ரொம்ப பலமா கேக்குதே."